பரஸ்தானம் வைத்த பை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் வீட்டுக்காரர் சொல்வார், கூடவே நாலு உதாரணமும் கொடுப்பார். நான் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறவள். எதையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்தால்தான் எனக்கு நிம்மதி. அவர் இண்டூரில் விதைக்கடை வைத்திருக்கிறார். அவருக்குப் பட்டியல் வேண்டாம், தினசரி காலண்டர் போதும். காலையில் எழுந்ததும் தாளைக் கிழித்து ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவார். இப்படி இரண்டு பேர் ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறோம் என்று கேட்டால், தள்ளிவிட்டோம், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரே மகள். போன வருஷம் பன்னிரண்டாவது முடித்தாள், நல்ல மார்க். சேலத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியை நான் மனதில் வைத்திருந்தேன். காலையில் பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அவளோ எனக்குத் தெரியாமல் மீன்வளப் படிப்புக்கு விண்ணப்பித்து, அதிலும் தூத்துக்குடியை முதலிடத்தில் போட்டு, இடமும் வாங்கிவிட்டாள். மழைக்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி மீனைப் பற்றிப் படிக்கப் போகிறாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. அந்தப் படிப்புக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிற ஊர்களும் இருந்தன. அவள் தேடிப் பிடித்தது இருப்பதிலேயே தூரமானதை. என்னை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகப் பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. அந்த எண்ணத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

விஷயம் தெரிந்த அன்றைக்கு வீடு இரண்டுபட்டது. கடைசியில் நான், "இனிமே நீ என்கிட்ட எதுவும் பேசாத" என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் வந்த வார்த்தை. அவளும் என் வயிற்றில் பிறந்தவள்தானே, அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் அவள் அப்பா வழியாகத்தான். அடுப்படியில் நான் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பேன். "அப்பா, சட்னியில உப்பு கம்மின்னு அம்மாகிட்ட சொல்லுங்க" என்பாள். "உப்பு டப்பா எங்க இருக்குதுன்னு பாப்பாவுக்குத் தெரியும்னு சொல்லுங்க" என்பேன் நான். நடுவில் உட்கார்ந்திருக்கும் மனுஷர் தோசையை மென்றபடி இரண்டு பக்கமும் தலையாட்டுவார். அவர் கடைக்குப் போன பிறகு ஏதாவது அவசரம் என்றால் இரண்டு பேரும் தனித்தனியாக அவருக்குப் போன் போடுவோம். விதை வாங்க வந்தவர்கள் முன்னால், "ஏங்க, கேஸ் தீர்ந்துபோச்சாம், பாப்பா சொல்லுது" என்று என்னிடம் சொல்லி, அந்தப் பக்கம் அவளிடம், "அம்மா பாத்துக்குவாங்க கண்ணு" என்று சொல்லி, மனுஷர் நொந்துபோனார். இப்படி நாற்பத்தோரு நாள். நான் எண்ணினேன். எண்ணுவதுதானே என் பிழைப்பு.

இதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் விமானப் பயணம். எங்கள் மூன்று பேரில் யாரும் விமானத்தில் ஏறியதில்லை. பெங்களூரில் ஏறி கொச்சியில் இறங்கி, மூன்று நாள் கடலும் படகுமாக இருந்துவிட்டு வந்தால் இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிடுவோம் என்பது அவர் கணக்கு. எனக்கும் உள்ளூர அந்த ஆசை இருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் அவள் கிளம்பிவிடுவாள். இதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டே போய்விட்டால், அப்புறம் எந்த விடுமுறையில் வந்து எப்படிப் பேசத் தொடங்குவோம்? அந்தப் பயத்தை வெளியில் காட்டிக்கொள்ளாமல் பட்டியல் போட உட்கார்ந்தேன். நாற்பத்தாறு அயிட்டம் வந்தது.

டிக்கெட் கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமைக்கு. அங்கேதான் காலண்டர் குறுக்கே வந்தது. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். பெங்களூர் எங்களுக்கு வடக்கே. அந்தத் திசையில் அன்றைக்குப் புறப்படக் கூடாது. "வெமானம் எறங்குறது கொச்சியில. அது தெக்கதான இருக்குது? மொத்தமாப் பாத்தா நாம தெக்கதான் போறோம்" என்றேன். அவர் காலண்டர் தாளை இன்னொரு தடவை படித்துவிட்டு, "கணக்கு டீச்சரு அப்பிடிச் சொல்லலாம். சூலம் ஒத்துக்காதுங்க" என்றார்.

இதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறார்கள். பரஸ்தானம் என்று பெயர். புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், முந்தின நாள் நல்ல நேரத்தில் பயணச் சாமான் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுபோய் வேறு ஒரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம், சூலம் ஒன்றும் செய்யாது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. வைத்தது வைத்ததுதான். பயணம் முடியாமல் அது சொந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

சாதாரணமாக ஒரு துண்டும் வெற்றிலை பாக்கும் வைப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அது போதவில்லை. "முதத் தடவ ஏரோப்ளேன் ஏறுறோம். பேருக்கு ஒரு துண்ட வெச்சா ஆவாது. எது இல்லாம போவ முடியாதோ அத வெக்கணும்" என்று சொல்லி, மூன்று பேருடைய ஆதார் அட்டை, பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த அடையாள அட்டை, டிக்கெட் நகல் எல்லாவற்றையும் கடைப் பெயர் அச்சடித்த மஞ்சப்பையில் போட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் நல்ல நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா கையில் கொடுத்துவிட்டு வந்தார். நான் பட்டியலை எடுத்து 'அடையாள அட்டைகள்' என்பதற்கு நேராக டிக் அடித்தேன். பைக்குள் வைத்தாகிவிட்டதல்லவா?

அன்று ராத்திரி மகள் அவரிடம், "அப்பா, காலையில அக்கா வூட்ல இருந்து பைய எடுத்துக்கச் சொல்லி அம்மாகிட்ட சொல்லிருங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர் அப்போது கார் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டியிருக்கிறார். தலையாட்டுவது அவருக்கு அந்த நாற்பத்தோரு நாளில் பழகிப்போயிருந்தது. வைத்தவர் அவர், அவரே எடுத்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன். அம்மா எடுத்துக்கொள்வாள் என்று அவள் நினைத்தாள். இரண்டு பொம்பளைகளும் இருக்கும்போது நமக்கென்ன என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வடக்கே போகிறவர்கள் பால் குடித்துவிட்டுப் போனால் சூலத்துக்கு இன்னும் நல்லது என்று கடைசி நிமிஷத்தில் அவருக்கு ஞாபகம் வந்து, பாலைக் காய்ச்சி, ஆற்றி, மூன்று பேரையும் குடிக்க வைத்தார். அந்த அவசரத்தில் கார் எதிர்வீட்டைக் கடந்து போனதை மூன்று பேரும் பார்த்தோம். அக்கா வீட்டு விளக்குகூட எரிந்தது. மதியம் ஒன்றே முக்காலுக்கு விமானம், பன்னிரண்டுக்கு ஏர்போர்ட்டில் நிற்கலாம் என்று நான் மனதுக்குள் கிலோமீட்டரைக் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன்.

ஏழேகாலுக்குக் காரிமங்கலத்தில் டிபனுக்கு நிறுத்தினோம். அன்றைக்குச் சந்தை. ஆடுகளை இழுத்துக்கொண்டு ஆட்கள் ரோட்டைக் கடந்துகொண்டே இருந்தார்கள். பொங்கல் வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டே பட்டியலை விரித்து மறுபடியும் மேலிருந்து படித்தேன். பதினேழாவது வரி, அடையாள அட்டைகள். கையில் எடுத்த பொங்கலைத் தட்டிலேயே போட்டேன்.

"ஏங்க, பை எங்க?"

"எந்தப் பை?" என்றார்.

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். அப்பாவைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தாள். "நீ எடுக்கலியா?"

"நான் எதுக்குடி எடுக்கணும்?"

"அப்பாகிட்ட சொன்னேனே, உன்ன எடுத்துக்கச் சொல்லி!"

"அப்பாகிட்ட எதுக்குச் சொல்ற? எனக்கென்ன காது கேக்காதா?"

"நீதான பேசாதன்னு சொன்ன!"

"சொன்னா? நாப்பத்தோரு நாளா பேசாமயே இருப்பியா?"

"நாப்பத்தி ரெண்டு" என்றாள். இன்றைய நாளையும் சேர்த்திருக்கிறாள். அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை நின்று யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் ஆட்டு வியாபாரிகள் இட்லியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்றேன்.

"ரெண்டு பேரும் பேசிட்டீங்களே" என்றார். அந்த நேரத்தில் அவர் தலையில் சாம்பாரைக் கவிழ்க்கலாமா என்று நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

போனிலேயே ஆதாரைக் காட்டலாம் என்று மகள் சொன்னாள். அதற்கு ஓடிபி வர வேண்டும். மூன்று பேருடைய ஆதாரிலும் கொடுத்திருந்தது வீட்டுக்காரரின் பழைய நம்பர். அது போன வருஷமே செத்துப்போயிருந்தது. பர்ஸைத் துழாவிய மனுஷர் டிரைவிங் லைசென்ஸை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இது இருக்குது. எனக்கு மட்டும் போதும்ல? நான் வேணா போயி கடலைப் பாத்துட்டு வந்து உங்களுக்குச் சொல்லட்டுமா?" மகள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்திருப்பேன், அவள் முந்திக்கொண்டதால் அடக்கிக்கொண்டேன்.

அக்காவுக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா வீட்டுக்குப் பக்கத்து டீக்கடைக்காரரைப் பிடித்தோம். "வூடு பூட்டியிருக்குதுங்க. உள்ள போன் அடிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது. நீங்க பைய வுட்டுட்டுப் போயிட்டீங்கன்னு அக்கா அப்பவே பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிடுச்சுங்களே" என்றார்.

அக்கா எங்களைத் துரத்திக்கொண்டு வருகிறாள்! எனக்கு உயிர் வந்தது. தருமபுரியில் பஸ் மாறி இந்த ரோட்டில்தான் வர வேண்டும். எங்களை எப்படி அடையாளம் கண்டு இறங்குவாள்? நாங்கள்தான் அவளைப் பிடிக்க வேண்டும். காரிமங்கலத்தில் நின்று வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்ப்பது என்று முடிவானது. முன்வாசல் என் பொறுப்பு, பின்வாசல் மகள் பொறுப்பு. வீட்டுக்காரர் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்துக் கொஞ்சம் தாமதப்படுத்துவது.

சந்தை நாள் என்பதால் பஸ்ஸெல்லாம் பிதுங்கி வந்தன. ஒவ்வொரு பஸ்ஸிலும் கூடை, கோழி, மூட்டை என்று ஒரு பட்டாளம் இறங்கும். நாங்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறி உள்ளே எட்டிப் பார்ப்போம். "பின்னால பாத்தியா?" என்று நான் கத்துவேன். "பாத்துட்டேன், இல்ல" என்று அவள் கத்துவாள். "கடைசி சீட்டு?" "பாத்துட்டேம்மா!" அப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. ஏழு பஸ் பார்த்தோம். ஆறாவது பஸ்ஸில் என்னைக் கூட்டம் உள்ளே தள்ளிவிட, பஸ் கிளம்பிவிட்டது. நான் போட்ட கூச்சலில் ஐம்பதடி தள்ளி நிறுத்தினார்கள். கொண்டை அவிழ்ந்து, செருப்பு ஒன்று கழன்று, கையில் யாருடையதோ சுரைக்காயோடு இறங்கி வந்தேன். அந்தச் சுரைக்காய் எப்படி என் கைக்கு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தே விட்டாள். இந்த முறை நானும் சிரித்தேன்.

ஒன்பதே காலுக்கு வீட்டுக்காரரின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அண்ணா, ஏரோப்ளேன் கேட்டுல நிக்கிறேன். நீங்க எங்க இருக்கறீங்க?"

அக்காவின் குரல். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"எந்த கேட்டுக்கா? இன்னும் நாங்களே போவலயே!"

"சேலத்து ஏரோப்ளேன் கேட்டுதான். ஓமலூருக்கு முன்னாடி. வேற எங்க இருக்குது?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விமானம் என்றால் சேலம்தான். நாங்களும் ஊர் முழுக்க விமானத்தில் போகிறோம் என்று பெருமை அடித்துக்கொண்டோமே தவிர, எந்த ஊரில் ஏறப்போகிறோம் என்று அக்காவிடம் சொல்லவே இல்லை. சூலம், பரஸ்தானம், பால் எல்லாம் வடக்கே பார்த்துச் செய்துகொண்டிருக்க, பை மட்டும் தெற்கே போய்விட்டது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டில் நின்ற காவலாளிதான் மஞ்சப்பையில் அச்சடித்திருந்த கடை நம்பரைப் படித்துப் போன் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

நான் கணக்குப் போடத் தொடங்கினேன். ஓமலூரிலிருந்து காரிமங்கலம், காரிமங்கலத்திலிருந்து பெங்களூர், அங்கே ஊருக்குள் நெரிசல். மூன்று முறை போட்டேன், விடை மாறவில்லை. விமானம் போய்விட்டது. மூன்று நாள் கடல், படகு, என் நாற்பத்தாறு அயிட்டம், எல்லாம் போய்விட்டது. அந்தக் கடைசி மூன்று வாரத்தில் எனக்கென்று இருந்த ஒரே வாய்ப்பு அதுதான் என்று நம்பியிருந்தேன். ரோட்டோரத்தில், ஆட்டுப் புழுக்கைக்கு நடுவில், கண்ணீர் வந்துவிட்டது. மகள் பார்த்துவிட்டாள். கழன்ற செருப்பை எடுத்து வந்து என் கால் பக்கத்தில் வைத்தாள்.

அக்காவைக் காரிமங்கலத்துக்கே பஸ் ஏறி வரச் சொல்லியிருந்தோம். பதினொன்றரைக்கு வந்து இறங்கினாள். மஞ்சப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அக்கா வீட்டில் கன்னடம் பேசுவார்கள். பதற்றம் வந்தால் பாதிப் பேச்சு அதில்தான் வரும். "அய்யோ தேவரே, ஏரோப்ளேன் போயிருச்சா? என்னாலதான் டீச்சரம்மா, என்னாலதான்" என்று புலம்பினாள். மூன்று பஸ் ஏறி இறங்கிய களைப்பு அவள் முகத்தில் தெரிந்தது. "உங்களால இல்லக்கா, எங்களுக்கு வாய் இருந்தும் பேசாததால" என்று சொல்லி அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

"சரி, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

"அது எப்பிடிங்க போவ முடியும்?" என்றார் வீட்டுக்காரர். "பரஸ்தானம் வெச்ச பை. பயணம் முடியாம வூட்டுக்குள்ள கொண்டுபோவக் கூடாது."

"அதுக்கு? இங்கயே குடித்தனம் பண்றதா?"

"எங்கயாவது போயிட்டு வந்துட்டா சரியாப்போவுங்க."

காலண்டர் மேல் எனக்கு இருக்கிற கோபம் ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த நிபந்தனை மட்டும் இல்லாமல் போயிருந்தால், நாங்கள் பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் போய், ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்போம். மறுபடியும் அப்பா வழியாகப் பேச்சு நடந்திருக்கும். இதை நான் அவரிடம் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

"கிருஷ்ணகிரி டேமுக்குப் போலாமா?" என்று மகள் கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாள். "அதுவும் வடக்கதான் இருக்குது, அப்பாவுக்கும் திருப்தி. தண்ணியும் இருக்கும், மீனும் இருக்கும்." அக்காவும் வண்டியில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்காரியம் கிடக்கட்டும், நானும் எங்கே போயிருக்கிறேன் என்றாள். சுரைக்காயும் வந்தது.

அணைக்குப் பக்கத்தில் வரிசையாக மீன் வறுக்கிற கடைகள். மசாலா தடவிய மீன்கள் தட்டுகளில் கிடந்தன. நான் அந்த வாடைக்கே முந்தானையை மூக்கில் வைக்கிறவள். மகள் நேராக ஒரு கடைக்குள் போய், தட்டில் இருந்ததை விட்டுவிட்டு, இன்னும் அறுக்காத மீனைக் காட்டச் சொன்னாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணை அழுத்திப் பார்த்தாள். "இது நேத்து புடிச்சது. இன்னைக்குப் புடிச்சத எடுங்கண்ணா" என்றாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்து வந்தார். அதற்கு அவள் தலையசைத்தாள். இதையெல்லாம் இவள் எங்கே கற்றாள்? நான் சட்னிக்கு உப்புச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்களில், பக்கத்து அறையில் உட்கார்ந்து இவள் என்னென்ன படித்துக்கொண்டிருந்தாள்?

அக்காவும் வீட்டுக்காரரும் வறுவலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் கரைக்குப் போனோம். பரிசலில் வந்தவர்கள் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். எது கட்லா, எது ரோகு, எது ஜிலேபி கெண்டை என்று காட்டிக்கொண்டே வந்தவள், குனிந்து ஒரு பெரிய செதிலைப் பொறுக்கி, தண்ணீரில் கழுவி, என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வெயிலுக்கு நேராப் புடிச்சுப் பாரு. வளையம் வளையமாத் தெரியும். அத எண்ணி மீனோட வயச சொல்லலாம். நம்ம ஊரு மீனுக்கு அவ்வளவு தெளிவாத் தெரியாது. ஆனாலும் முயற்சி பண்ணலாம்."

எண்ணுவது என்றதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தேன். "மூணு" என்றேன். அவள் வாங்கிப் பார்த்து "ரெண்டு" என்றாள். "மூணுடி, இந்த ஓரத்துல பாரு." "அது வளையம் இல்ல, கீறல்." பத்து நிமிஷம் அந்தச் செதிலுக்காகச் சண்டை போட்டோம். அவ்வளவு சந்தோஷமான சண்டை நாங்கள் போட்டதே இல்லை.

அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். "என்கிட்ட இருந்து தூரமாப் போவணும்னுதான அந்த ஊரப் போட்ட?"

அவள் செதிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"பாதி அதுக்குத்தாம்மா" என்றாள். "பாதி மீனுக்கு."

வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் அவள் அதை அப்பாவிடம் சொல்லி அனுப்பவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"பக்கத்துல இருந்தா எல்லாத்துக்கும் உன்னையே கேட்டுக்கிட்டு இருப்பேன். எனக்கும் சேத்து நீயே பட்டியல் போட்டுருவ. எனக்கும் ஒரு தடவ எதையாச்சும் மறந்துட்டுப் போயி முழிக்கணும்."

"அதுதான் இன்னைக்கு முழிச்சாச்சே" என்றேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். கையெல்லாம் மீன் வாடை. நான் முந்தானையை மூக்கில் வைக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பினோம். வீட்டுக்காரர் மஞ்சப்பையை வலது கையில் பிடித்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். பயணம் நல்லபடியாக முடிந்தது என்று அறிவித்தார். சுரைக்காயில் பாதியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு மீதியை மறுநாள் கூட்டு வைத்தேன். "உப்பு கம்மிம்மா" என்றாள் மகள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை அவள் கிளம்பினாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் தேர்வு, லீவு கிடைக்கவில்லை. அப்பாதான் கூடப் போனார். வியாழக்கிழமை தெற்கே சூலம் என்பதால், புதன்கிழமையே அதே மஞ்சப்பை எதிர்வீட்டுக்குப் போயிருந்தது. காலையில் பையை எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் நாலு தடவை நேரடியாகச் சொன்னேன். நாலு தடவையும் சரி என்றாள். அவளுக்கென்று நான் பட்டியல் எதுவும் போடவில்லை. அதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் போன் வந்தது. விடுதியில் சேர்ந்தாகிவிட்டது, அறை பரவாயில்லை, காற்றில் உப்பு வாசம் வருகிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, "அம்மா, அந்தப் பைய அக்கா வூட்லயே வுட்டுட்டு வந்துட்டேன்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாலு தடவ சொன்னனேடி! அதுல என்ன வெச்ச? சர்ட்டிபிகேட்டா?"

"இல்ல. ஒரு துண்டும் ரெண்டு வெத்தலையும்."

"அவ்வளவுதான? அப்ப அத நானே வூட்டுக்குக் கொண்டாந்துடறேன்."

"அது எப்பிடிம்மா முடியும்? வெச்ச பை வூட்டுக்குத் திரும்பக் கூடாதில்ல? இங்க வந்துதான் ஆவணும்." பின்னால் அவள் அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. "நீதான் கொண்டாந்து குடுக்கணும்."

சனிக்கிழமை விடியற்காலை எதிர்வீட்டில் பையை வாங்கிக்கொண்டு நேராகப் போய் பஸ் ஏறினேன். வெற்றிலை வாடிப்போயிருந்தது. அந்தப் பயணத்துக்கு நான் பட்டியல் போடவில்லை. கொண்டுபோக வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது மடியில் இருந்தது.